எரிபொருளின் வெப்பத்தை அளந்தறிவோம்

செம்பனை எண்ணெய் கலந்த டீசலுக்கு வலு குறைவு என்று லோரி ஓட்டுவோர் கூறக் கேட்கிறோம். நம் நாட்டில் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை டீசல் கலக்கும் திட்டம் 2019 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இது நம் செலவைத் தொடும் செய்தியாகும். அளந்து பார்த்தே விடை காண்போம்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கிராம் எண்ணெயைத் தடித்த எஃகுக் கலத்தில் இட்டு, பிராணவாயுவை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பி, அக்கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்துவர். மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சியதும் எண்ணெய் முற்றாக எரிந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை பாகை சூடேறிற்று என்பதைக் கொண்டு வெப்ப மதிப்பைக் கணக்கிடுவர். இக்கருவிக்குக் கலோரிமானி என்று பெயர். தண்ணீர் இரண்டு லிட்டர் இருப்பின், டீசலால் ஏறத்தாழ நான்கரைப் பாகையும் செம்பனை டீசலால் நான்கு பாகையும் ஏறும்.

கிலோவுக்குக் கணக்கிட்டால் டீசல் சுமார் 45 மெகாஜூல். செம்பனை டீசல் சுமார் 40. வேறுபாடு பெரிதாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் எண்ணெய் நிலையத்தில் எவரும் கிலோ கணக்கில் டீசல் வாங்குவதில்லை. செம்பனை டீசல் சற்றுக் கனமானது. ஆதலால் லிட்டருக்கு 38 மெகாஜூலும் 35 மெகாஜூலுமாக இடைவெளி சுருங்குகிறது. பத்தில் ஒரு பங்கே கலப்பதால், தொட்டியில் நேரும் இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காற்றுக் குறைந்த டயர் இதனினும் மிகுதியாக எண்ணெயைக் குடித்துவிடும்!

செம்பனை ஆலையின் கொதிகலனிலோ கணக்கு வேறு. அங்கே ஈரமே பகை. பழம் உதிர்த்த வெற்றுக் குலை ஒரு கிலோவில் தண்ணீர் மட்டும் சுமார் 650 கிராம் இருக்கும். எஞ்சிய 350 கிராம் எரிந்து ஏறத்தாழ 6 மெகாஜூல் தரும். அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அத்தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, புகைபோக்கி வழியே போய்விடும். கலோரிமானியிலோ நீராவி மீண்டும் தண்ணீராகி அவ்வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. எனவே ஆய்வுக்கூட எண்ணை அப்படியே கொதிகலனுக்குப் பொருத்தலாகாது. ஈர விறகை எடைக்கு வாங்குவோரும் தண்ணீருக்கே காசு கொடுக்கின்றனர்.

இதனாலன்றோ ஆலைகள் உலர்ந்த ஓட்டையும் நாரையும் கொதிகலனுக்கு இட்டு, குலைகளைப் பெரும்பாலும் தோட்டத்து மண்ணுக்கே எருவாக அனுப்புகின்றன.