கோப்பு எங்கே காத்திருந்தது?

அன்புள்ள தம்பி,

புதுச்சேரியின் மாநில அந்தஸ்துக் கோரிக்கைக்கு வரலாறு எழுதப்போவதாகவும், சட்டமன்றத் தீர்மானங்களைத் திரட்டி வருவதாகவும் எழுதியிருந்தாய். திரட்டு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலைந்து படித்ததுமே அலுத்துவிடும். பட்ஜெட் புத்தகங்களையும் கூடவே எடுத்து வைத்துக்கொள். செலவழிக்க யாருடைய அனுமதிக்குக் காத்திருந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போ. ஊரை ஆண்டது யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

பிரெஞ்சுக் காலத்திலிருந்தே தொடங்கு. 1815 மார்ச் 7 ஒப்பந்தத்தில், இங்கே விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மிச்சத்தை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்குப் போயிற்று. ஈடாக ஆண்டுக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய். அதில் எவ்வளவு பாரிசுக்குப் போனது, எவ்வளவு இங்கே தங்கியது என்று ஆண்டுவாரியாகக் குறித்து வை. 1879-இல் வந்த கோன்சேய் ழெனெரால் என்ற பிரெஞ்சிந்தியப் பொதுச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பை நம்பி உட்கார்ந்திருக்காதே, பிரெஞ்சைக் கற்றுக்கொள்.

கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த கதையை எல்லோரும் எழுதியாயிற்று. நீ 1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவில் நில். இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும், மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே என்கிறது அது. அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் யோசனையைச் சொன்னபோது தெருவில் கலவரமே மூண்டது. மாநிலமாக வேண்டும் என்ற குரலையும், யாரோடும் சேரமாட்டோம் என்ற குரலையும் ஒன்றாகக் கலந்துவிடாதே. இரண்டும் வேறு.

இனி முக்கியமான இடம். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை நிதானமாகப் படி. ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அதாவது உள்துறை அமைச்சகத்தின் வழியாக டெல்லி போய்த் திரும்ப வேண்டும். முப்பது பேரை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் பார்ப்பதோ ஏற்கெனவே டெல்லி பார்த்துவிட்ட கணக்கு. பல ஆண்டுகளில் மார்ச்சில் இடைக்காலச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, முழு பட்ஜெட்டை மழைக்காலம் நெருங்கும்போது போட்டிருக்கிறார்கள். கோப்பு எந்தத் தேதியில் இங்கிருந்து கிளம்பியது, எப்போது திரும்பியது என்று ஒரு அட்டவணை போடு. எந்த மேடைப் பேச்சையும்விட அது நிறையப் பேசும்.

நிதிக் குழுவின் வரம்புக்குள் புதுச்சேரி வருவதில்லை. அதனால் மாநிலங்களுக்குப் போல மத்திய வரிகளில் பங்கு கிடையாது. புதுச்சேரி மதுக் கடை வருமானத்தை நம்பியிருப்பதைக் கேலி செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் (கேலி நியாயமில்லை என்று நான் சொல்லவரவில்லை).

2007 டிசம்பர் 17 அன்று புதுச்சேரிக்குத் தனிப் பொதுக் கணக்கு திறக்கப்பட்டது. அதுவரை அந்த வரவு செலவு மத்திய அரசின் கணக்கோடுதான் இருந்தது. தனிக் கணக்கு கிடைத்ததைச் சுதந்திரம் போலக் கொண்டாடும் எழுத்துகளும் உனக்குக் கிடைக்கும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுக் கணக்குகளையும் பிந்தைய ஐந்தையும் பக்கம்பக்கமாகப் பரப்பி, கடன், வட்டி, மானியம் என்ற மூன்று தலைப்புகளை மட்டும் முதலில் எடுத்து எழுது. எழுதியதும் எனக்கு அனுப்பு. காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய மற்ற மூன்று பகுதிகளைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்