மடியில் கனம்

சிங்காநல்லூர்,
கார்த்திகை, வெள்ளி இரவு

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமன் எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பைகளின் படத்தையும் பார்த்தேன். “கேமராவும் லேப்டாப்பும் ஒண்ணா வைக்கோணும், எது வாங்கட்டுங் மாமா, ஒரே வார்த்தைல சொல்லுங்க” என்று கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் சொன்னால், மூன்றும் வேண்டாம். ஏன் என்று கேட்பாய். அதைக் கட்டைவிரலால் தட்டி எனக்கு மாளாது. அதனால்தான் காகிதமும் பேனாவும்.

தை பிறந்ததும் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போகிறாய். எப்படிப் போவாய்? நம்ம சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டி ஏறுவாய். அங்கிருந்து தஞ்சாவூர், அப்புறம் வேதாரண்யம். இதை மனசில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களை இன்னொரு தரம் பார். முதல் பையை மாட்டியவன் பனிமலையில் நிற்கிறான். இரண்டாவது பை ஒரு காரின் டிக்கியில் இருக்கிறது. மூன்றாவதை ஒருத்தி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் குழந்தையோடு ஒரு அம்மா, மறுபக்கம் கூடையோடு ஒரு பெரியவர் என்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் யாரும் அதில் இல்லை. அந்தப் பைகள் நல்ல பைகள்தான். நம்ம பயணத்துக்குத் தைத்தவை இல்லை.

என் அளவுகோல் ஒன்றே ஒன்று. உட்கார்ந்தால் பை உன் மடியில் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு, அதன் மேலேயே தலை சாய்த்து நீ தூங்க முடிய வேண்டும். அதற்கு மேல் பெரிய பை எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் தொடாதே.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். உன் வயதுக்கு இரண்டு மூன்று வருசம் மூத்தவனாக இருந்தபோது, முதல் சம்பாத்தியத்தில் ஆளுயரப் பை ஒன்று வாங்கினேன். வால்பாறை போகும் வண்டியில் அது மடியிலும் நிற்கவில்லை, காலடியிலும் அடங்கவில்லை. மேலே சாமான் தட்டில் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஒன்பதாவது போதுமானதாக இருந்தது. வண்டி திரும்பிய வேகத்தில் பை சறுக்கி, ஒரு அம்மாவின் தக்காளிக் கூடையில் விழுந்தது. தக்காளிக்குக் காசு கொடுத்துவிட்டேன். லென்ஸின் பின்வளையம் ஒரு நூல் அளவு கோணியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். இடது பக்கம் கூர்மையாகவும் வலது பக்கம் புகை மாதிரியும் விழும். இரண்டு மாசச் சம்பளம் போயிற்று. தப்பு டிரைவருடையதும் இல்லை, தட்டுடையதும் இல்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கேமராக்காரனுக்குக் கனம் மடியை விட்டுப் போனால்தான் பயம்.

பை எவ்வளவு பெரிசு என்பதைப் பையைப் பார்த்து முடிவு பண்ணாதே. உன்னிடம் இருக்கும் சாமானை எடை போட்டு முடிவு பண்ணு. நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் கேமரா உடம்பு 700 கிராம். அந்த 150-600 லென்ஸ் கிட்டத்தட்ட 2 கிலோ. சின்ன லென்ஸ் அரைக் கிலோ. 14 அங்குல லேப்டாப் ஒன்றரைக் கிலோ, அதன் சார்ஜர் 300 கிராம். பவர் பேங்க், பேட்டரி, வயர் எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 5 கிலோ 400 கிராம். நீ அனுப்பியதில் முதல் பை, காலியாகவே 1 கிலோ 800 என்று போட்டிருக்கிறது. கூட்டினால் 7 கிலோ 200. நாளைக்கே பீளமேட்டில் விமானம் ஏறுகிறாய் என்று வை. கையில் கொண்டுபோக அவர்கள் விடுவது பெரும்பாலும் 7 கிலோதான். உன் சாமானால் அந்த எல்லையைத் தாண்டவில்லை, வெறும் பையால் தாண்டினாய். அதே சாமான் 1 கிலோ 100 எடையுள்ள பையில் போனால் ஆறரைக் கிலோ.

“அந்தக் காலத்தில் எல்லாரும் சுமக்கலையா” என்று உன் அம்மா சொல்லுவாள். சுமந்தார்கள். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் போனவர், தானே பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். பெயரே அதன் கனத்தைச் சொல்லும். முதுமலையில் அவர் பல படங்களை யானை மேல் உட்கார்ந்து எடுத்தார். உனக்கு யானை கிடையாது, திருச்சி வண்டிதான்.

நம்ம ஊர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் சொல்லலாம். ரயில்வேயில் படம் வரைபவராக இருந்தவர். 1905இல் திருச்சிக்கு வந்த துபாந்த் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் பிலிம் சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். கூடாரம், கருவி, சுருள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போனதாகச் சொல்வார்கள். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெரு இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. அவ்வளவு ஊர் அலைந்த மனுசன் கடைசியில் மூட்டையை இறக்கி வைக்க நிரந்தரமாக ஒரு இடம் தேடியது எனக்கு நன்றாகவே புரிகிறது. அதற்குப் பிறகு 1930களில் நம்ம திருச்சி ரோட்டில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்து 1947இல் வெளிவந்த ‘ராஜகுமாரி’ அங்கே எடுத்ததுதான். அங்கே கேமராவைத் தூக்க ஆள் இருந்தது. நீ தனி ஆள், அதை மறந்துவிடாதே.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மில்லில் ஸ்பின்னிங்கில் நின்ற மனுசனின் பேத்தி, இதில் ஏமாறக் கூடாது. உன் அப்பிச்சி கணக்கில், ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். இருபதாம் நம்பர் தடிப்பு, எண்பதாம் நம்பர் சன்னம். பைக்காரர்கள் போடும் டெனியர் கணக்கு இதற்குத் தலைகீழ்: 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். அங்கே நம்பர் ஏற ஏறத் தடிப்பு. 1680 டெனியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் உடனே மயங்கிவிடாதே. அது பாலியெஸ்டரா நைலானா என்று பார். ஒரே டெனியரில் நைலான்தான் உரசலை அதிகம் தாங்கும். 420 டெனியர் நல்ல நைலான், நெருக்கி நெய்தது, உனக்குத் தாராளம், எடையும் குறையும்.

அதைவிட முக்கியம் தையல். பையைத் தலைகீழாகப் பிடித்து, தோள்வார் பையோடு சேரும் இடத்தைப் பார். திருப்பூரில் பார்டேக் என்பார்களே, நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய அந்தக் கெட்டித் தையல் இருக்கிறதா? ஒற்றைத் தையலாக ஓடியிருந்தால் எவ்வளவு பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் கீழே வைத்துவிடு. உள்ளே விரலை ஓட்டிப் பார். ரப்பர் மாதிரியான பூச்சு கையில் பிசுபிசுத்தால் அது பழைய சரக்கு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பூச்சு சீக்கிரமே செதில் செதிலாக உரிந்து லென்ஸ் மேல் உட்காரும். ஜிப்பைப் பத்துத் தரம் இழுத்துப் பார், வளைவிலும் ரன்னர் திக்காமல் ஓட வேண்டும். துணி கிழிவதற்கு முன்னால் ஜிப்தான் போகும்.

எந்தப் பக்கம் திறக்கிறது என்று நீ கேட்கவே இல்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். முதுகுப் பக்கம் திறக்கும் பையாக வாங்கு. மடியில் வைத்தால் அந்தப் பக்கம் உன் வயிற்றை ஒட்டி இருக்கும். திறக்க உன்னால் மட்டும்தான் முடியும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் கை வைக்க ஜிப்பே இருக்காது. இன்னொரு வசதி, குளக்கரையில் தெரியும். நம்ம சிங்காநல்லூர் குளத்தை எடுத்துக்கொள். 288 ஏக்கர், 2017இல் மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. விடிகாலையில் கூழைக்கடாவும் புள்ளிமூக்கு வாத்தும் பார்க்க நீயும் நானும் நின்ற கரையில், ஈரமும் எறும்பும் இல்லாத ஒரு முழ இடம் கிடையாது. முன்பக்கம் திறக்கும் பையை அங்கே மல்லாத்தினால் சேறு முழுக்க முதுகுப் பக்கம் ஒட்டும். அப்புறம் அது உன் சட்டைக்கு வரும். முதுகுப்பக்கம் திறப்பதைக் குப்புறப் போடலாம். சேறு வெளிமுகத்தோடு நிற்கும்.

லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருக்கட்டும். அதன் அடியில் கையை விட்டுப் பார். அறை தரையைத் தொடாமல் இரண்டு விரல் மேலேயே முடிய வேண்டும். அடிவரை இறங்கியிருந்தால், பையை நீ ‘டொப்’ என்று கீழே வைக்கும் ஒவ்வொரு தரமும் லேப்டாப்பின் மூலைதான் அடி வாங்கும். தண்ணீர் பாட்டில் வெளிப்பக்க வலையில்தான் வைக்க வேண்டும். மூடி நன்றாகத்தான் இருக்கிறது என்று உள்ளே வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

கேமராப் பையே வாங்க வேண்டும் என்றும் இல்லை. மெத்தென்று தடுப்பு வைத்த உள்பை தனியாகக் கிடைக்கிறது. முதுகுக்குப் பொருந்தும் சாதாரணப் பை ஒன்றில் அதை இறக்கிக்கொண்டால் ஆயிற்று. அளவு கொடுத்தால் டவுன்ஹால் பக்கம் ஃபோம் வைத்துத் தைத்தும் கொடுப்பார்கள். பார்ப்பவர்களுக்கு டியூசன் போகும் பிள்ளை மாதிரித் தெரிவாய், அது நல்லதுதான். கேமரா கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்ட பை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு போகும்.

கோடியக்கரையில் உப்புக்காத்து, பக்கத்தில் வேதாரண்யத்து உப்பளம். மழை உறை பையோடு வந்தால் சரி, வராவிட்டால் கவலைப்படாதே. நம்ம காட்டில் மழைக்குக் கொங்காடை போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி யூரியாச் சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்துக்கொள். எந்தக் கம்பெனி உறைக்கும் அது சளைத்ததில்லை. நனைந்த பையை மூடியே வைக்காதே. வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, பையைக் கவிழ்த்து நிழலில் காயப்போடு. லென்ஸில் பூஞ்சை பிடிப்பது பெரும்பாலும் மழையில் இல்லை, மழை முடிந்து நாலு நாள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஈரப்பையில்.

விமானத்தில் போனால் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. உன்னுடைய 20,000 mAh பவர் பேங்க், 3.7 வோல்ட்டில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணிதான். பேட்டரி முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு.

கடைசியாக உடம்பு. வார் தோளில் அழுந்தாமல், எடை இடுப்புப் பட்டையில் இறங்க வேண்டும். நீ குட்டை, ஆம்பிளை அளவுப் பையில் இடுப்புப் பட்டை உனக்குத் தொடையில் வந்து நிற்கும். வெறும் பையை மாட்டிப் பார்த்தால் இது தெரியாது. எல்லாப் பையும் காலியாக இருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம வீட்டுக்கு வா. உன் சாமான் அத்தனையும், அந்தப் பெரிய லென்ஸும் சேர்த்து, பழைய ஸ்கூல் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வா. முக்கு மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுவிட்டு, அதே சாமானோடு டவுன்ஹாலுக்கு பஸ்ஸிலேயே போவோம். பையை அங்கே நிரப்பி மாட்டிக்கொண்டு, கடை ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் நான் பேசிக்கொள்கிறேன்.

அத்தை உனக்கு ஒப்பிட்டு சுட்டு வைப்பதாகச் சொன்னாள்.

அன்புடன்,
மாமன்