மிளகும் அண்டை நாட்டு உறவும்

படைபலமின்றி, வணிகத்தாலும் நல்லெண்ணத்தாலும் நாடுகள் அண்டையரோடு உறவு வளர்க்கின்றன. அதன் பலனும் சுமையும் தோப்பும்படியை அடுத்த மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையில் தெரியும். 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக உடன்பாடு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை சுங்கவரியின்றி வரலாம். ஆயினும் வேறு நாட்டு மிளகு இலங்கைப் பெயரில் நுழைந்தால், நம் உழவருக்கு விலை சரியும். உடன்பாட்டின் மீதான நம்பிக்கையும் குலையும். உள்நாட்டு உழவரைக் காக்கவே 2017 டிசம்பரில் கிலோவுக்கு ரூ.500 எனக் குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்கப்பட்டது.

சலுகைக்கு அடிப்படை, சரக்கு விளைந்த நாட்டை உறுதிசெய்யும் பிறப்பிடச் சான்றிதழே. இறக்குமதி செய்யும் வாடிக்கையாளர்கள் கடனுறுதிக் கடிதத்திற்கு விண்ணப்பிக்கும்போதே அச்சான்றிதழைக் கட்டாய ஆவணமாகக் குறிப்பிடுவது நலம்.