முடிவிலாக் கூடுதல்

நுழையும்முன்

கூட்டி முடிக்கவே இயலாத தொடரின் மதிப்பை மதிப்பிட முடியுமா? ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கேரளத்தின் சங்கமகிராமத்தில் வாழ்ந்த மாதவரின் மரபு இவ்வினாவிற்கு விடை கண்டது.

பொழிச்சலூரின் நேரான தெருவொன்றில் நிற்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் முன்னே செல்கிறோம். மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பின்வாங்குகிறோம். பின்னர் ஐந்தில் ஒரு பங்கு முன்னே, ஏழில் ஒரு பங்கு பின்னே. இந்நடைக்கு முடிவில்லை. எனினும், ஒவ்வோர் அடியும் முந்தையதினும் சிறிதாவதால், ஓர் இடத்தை மேன்மேலும் நெருங்குகிறோம். ஒவ்வோர் அடியும் அவ்விடத்தைக் கடந்தே செல்கிறது. ஆகவே, எங்கு நின்றாலும் எஞ்சிய தொலைவு அடுத்த அடியினும் குறைவே.

அவ்விடம் எது? ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கு. அதாவது,

1 − 1/3 + 1/5 − 1/7 + … = பை/4

ஆனால், இத்தொடர் மிக மெதுவாகவே நெருங்குகிறது. ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397 கிடைக்கும், பையின் மதிப்போ 3.1416. நூறு உறுப்புகளைக் கூட்டினாலும் இரண்டாம் தசம இலக்கம் சரியாக அமையாது.

மாதவர் மரபினர் எஞ்சிய பிழையையே கணக்கிட்டனர். ஐந்தாம் உறுப்பு 1/9. ஆறாம் உறுப்பின் அளவு 1/11. இவற்றின் பாதிகள் 1/18, 1/22. எஞ்சிய பிழை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. எனவே, நடுவிலுள்ள 1/20ஐக் கழித்தனர். விடை 3.1397 ஆயிற்று. அதனினும் நுண்ணிய திருத்தமான 5/101ஐக் கழித்தால் 3.1417, மூன்றாம் திருத்தமான 26/525ஐக் கழித்தால் 3.1416. ஓர் உறுப்பும் கூடுதலாகச் சேர்க்காமலே விடை செம்மையுற்றது.

இத்தொடர் இன்றும் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் லைப்னிட்சு பெயராலேயே வழங்குகிறது. அதற்கு முன்னரே, ஜேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய ‘யுக்திபாஷா’ இதனைக் காரண விளக்கத்துடன் கற்பித்தது. தாய்மொழியில் நுண்கணிதத்தை விளக்க இயலும் என்பதற்கு அந்நூலே சான்று.

விடையைக் கூறுவதோடு அதிலுள்ள பிழையின் அளவையும் கூறுவதே அறிவியல் நேர்மை.

தெரிந்து தெளிவோம்

கிழக்கிந்தியக் கும்பினி அலுவலர் சார்லஸ் விஷ் 1830களில் இம்மரபை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். சென்னை இராமானுசன் கணித நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய சி.டி. இராஜகோபால் இதனை 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து எழுதினார்.

கற்பவை கற்றபின்

1. முதல் நான்கு உறுப்புகளின் கூடுதலுடன் 1/16ஐச் சேர்த்து நான்கால் பெருக்குக. இங்குக் கழிக்காமல் கூட்டுவது ஏன்?
2. ‘பிழையை அளத்தலும் அறிவே’ – வகுப்பில் கலந்துரையாடுக.