நம்பிக்கைகளும் உண்மைகளும்: படகு எண்ணெயின் கணக்கு

"கடல்காரங்களுக்கு டீசல் பாதி வெலைக்குக் கெடைக்கு." நாகர்கோவில் டீக்கடைகளில் இதைக் கேட்காமல் ஒரு டீ குடித்து முடிக்க முடியாது.

பாதி விலை கிடையாது. தமிழக அரசு தன் விற்பனை வரியை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. அந்த வரி, 2020 மே மாதம் மாற்றியமைத்தபடி, 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். சாதாரண பங்கில் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி ஏறக்குறைய 18 ரூபாய். மீதி 75 ரூபாயைப் படகுக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். மத்திய அரசின் கலால் வரி அதற்குள்ளேதான் இருக்கிறது. டெல்லி கொடுத்துவந்த டீசல் மானியம் 2014 அக்டோபரோடு முடிந்துபோன கதை.

"எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்" என்பதும் தவறு. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அளவைக் கூட்டினார்: விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்தது 19,000 ஆனது, இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. 61 நாள் தடைக்காலத்தைக் கழித்தால் விசைப்படகுக்கு மாதம் 1,900 லிட்டர் வரும். சின்னமுட்டத்துப் படகு விடியலில் போய் இரவுக்குள் கரைசேர்ந்துவிடும். குளச்சல் படகு நாள்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும். பெரிய இன்ஜின் என்றால் ஒரே போக்கில் அந்த 1,900-ஐக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். இரண்டுக்கும் ஒரே அளவு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தடைக்காலமும் நம் மாவட்டத்தில் ஒன்றல்ல. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் படகுகள் பெரும்பாலும் கொச்சியை மையமாக வைத்து ஓடுகின்றன. பதிவு தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கேயும் சலுகை உண்டு என்று வெளியே நினைக்கிறார்கள். கொச்சியில் ஊற்றும் டீசலுக்குக் கேரளம் வரி போடுகிறது. தனக்கு வராத வரியைத் தமிழ்நாடு எப்படி விட்டுக்கொடுக்கும்? 19,000 லிட்டருக்குப் பதினெட்டு ரூபாய் வீதம் போட்டால் ஆண்டுக்கு 3,42,000 ரூபாய். சலுகை டீசலே வாங்காத ஆண்டில் அந்தப் படகுக்காரர் இழப்பது அவ்வளவு.

படகு டீசலுக்குத் தனி நிறம் உண்டு, தரமும் மட்டம் என்பது அடுத்த நம்பிக்கை. பிரிட்டனில் வரி குறைந்த டீசலில் சிவப்புச் சாயம் கலப்பது வழக்கம். லாரி டாங்கில் சிவப்பு தெரிந்தால் ஓட்டுநர் மாட்டினார். இங்கே சாயமெல்லாம் இல்லை. நெடுஞ்சாலைப் பங்கில் அடிக்கும் அதே டீசல்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மட்டும் நீலம்.

மண்ணெண்ணெய் என்றதும்தான் இந்த மாவட்டத்தின் நிஜமான தலைவலி வருகிறது. வள்ளங்களில் மாட்டும் வெளிப்பொருத்து இன்ஜினைக் கயிற்றைச் சுண்டிப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். இதற்காக அரசு லிட்டர் 25 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் கொடுக்கிறது. ஆண்டு அளவு 3,400 லிட்டரிலிருந்து 3,700 ஆகியிருக்கிறது. டீசலில் வரவேண்டிய வரியை விடுகிறார்கள், இதில் அரசே கையிலிருந்து காசு போடுகிறது. வெளிச்சந்தையில் இதன் விலை பல மடங்கு. எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞம், பூந்துறை வள்ளங்களுக்கும் இதே எண்ணெய்தான் வேண்டும். பிறகு என்ன, பின்சீட்டைக் கழற்றிய சொகுசுக் கார்களில் கேன் கேனாக ஏற்றி நித்திரவிளை, கொல்லங்கோடு வழியாக இரவில் பறக்கிறார்கள். பிடிபட்ட செய்தி பேப்பரில் வராத மாதம் குறைவு. பதினெட்டு ரூபாய் வித்தியாசத்துக்கு டீசலை யாரும் அந்த வேகத்தில் கடத்துவதில்லை.

"என் படகின் பங்கு, யாருக்கு விற்றால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விலை படகுக்கு, ஆளுக்கு அல்ல. கடலுக்குப் போகாத எண்ணெயில் உரிமையும் இல்லை.

டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் வண்டி நன்றாக இழுக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு அம்பாசடர் காலத்தோடு விடைகொடுத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் உயர் அழுத்தப் பம்புக்கு மசகு டீசலேதான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு போதாது. உலோகத்தோடு உலோகம் உரசி, அதில் உதிரும் துகள் இன்ஜெக்டர்வரை போகும். வொர்க்ஷாப் பில் ஆயிரங்களில் நிற்காது.

படகு டீசலை வாங்கிக் காரில் ஊற்றினால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஐம்பது லிட்டருக்கு மிச்சம் 900 ரூபாய், அதிலும் விற்றவருக்கு ஒரு பங்கு. ஆனால் 2005-ஆம் ஆண்டின் டீசல் விநியோக ஒழுங்குமுறை ஆணை, அனுமதியில்லாமல் விற்பதை மட்டுமல்ல, வாங்குவதையும் வைத்திருப்பதையும் முறைகேடு என்றே சொல்கிறது. வழக்கு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில். தண்டனை மூன்று மாதம் முதல் ஏழு ஆண்டுவரை சிறை, அபராதம் தனி.