பழைய துணி லேபிள்கள்: தேடுவதும் காப்பதும்

1870களிலிருந்து 1930கள் வரை மான்செஸ்டர் துணி இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. ஒவ்வொரு பீஸின் மேலும் ஒரு வண்ணப்படம்: தாமரையில் லட்சுமி, குழலூதும் கிருஷ்ணர், காளி, யானை. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லித்தான் துணி கேட்டார். ஸ்டெய்னர், கிரஹாம், ராலி பிரதர்ஸ் போன்ற கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு அச்சடித்த இந்த லேபிள்களை இன்று அருங்காட்சியகங்களே தேடிச் சேர்க்கின்றன.

புதுச்சேரியின் அரியாங்குப்பத்தில் இருப்பவருக்கு இதில் தனி உரிமையே உண்டு. துணியும் சாயமும் நம் மண்ணின் தொழில். பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றும் தொட்டிகள் என்றே கருதினார். புதுச்சேரியின் நீலத்துணியான ‘கினே’ 19ஆம் நூற்றாண்டில் செனகல் வரை போனது. முதலியார்பேட்டையில் 1898இல் எழுந்த ரோடியர் மில்தான் பிறகு ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) ஆனது.

1. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கிடைத்ததையெல்லாம் வாங்கினால் பணமும் பெட்டியும் நிறையும், தொகுப்பு உருவாகாது. ஒரு தெய்வம், ஒரு கம்பெனி, அல்லது தென்னிந்திய மில்கள் மட்டும் என்று வகுத்துக்கொள்ளுங்கள். சென்னை பின்னி, மதுரை ஹார்வி, புதுச்சேரி மில்கள் ஆகியவற்றின் பெயர் தாங்கிய லேபிளில் சாமி படம் இல்லாவிட்டாலும் விடாதீர்கள்.

2. தேட வேண்டிய இடங்கள்

முதலில் உறவுக்குள் கேளுங்கள். பழைய ஜவுளிக்கடைக் கணக்குப் புத்தகம், டிரங்குப் பெட்டியின் உள்மூடி, அலமாரிக் கதவின் பின்பக்கம் ஆகியவற்றில் லேபிள் ஒட்டியிருக்கலாம். மில் வேலை பார்த்த பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள்.

3. லென்ஸ் வைத்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அந்தக் கால லேபிள் கல்லச்சில், நிறத்துக்கு ஒரு கல்லாக அடித்தது. லட்சுமியின் கன்னத்தைப் பாருங்கள்: ரோஜா நிறப் புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, கையால் வைத்ததுபோல் சிதறியிருக்கும். ஒரே சீரான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால ஆப்செட் நகல். நகையின் பொன்னிறம் பெரும்பாலும் உலோகத்தூள், ஓரங்களில் கறுத்திருக்கும். பின்புறத்தில் பசைக்கறையோ துணி நூலோ இருந்தால் அது பீஸில் ஒட்டப்பட்டதற்குச் சாட்சி. கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் 1950க்குப் பிந்திய தாள்.

4. காலத்தைக் கணியுங்கள்

‘மேட் இன் இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் 1887, 1889 வணிகக் குறிச் சட்டங்களுக்குப் பிந்தியது. ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கியது. அவருடைய லட்சுமியையோ சரஸ்வதியையோ பார்த்து வரைந்திருந்தால் அதற்கு முன் போக வாய்ப்பில்லை. பாரத மாதா, ராட்டை, காந்தி என்றால் சுதேசி அலைக்குப் பிந்திய இந்திய மில் லேபிளாக இருக்கலாம். இந்திய டிரேட்மார்க் பதிவு எண் கண்டால், 1942இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிந்தியது.

5. பிய்க்காதீர்கள்

கணக்குப் புத்தகத்தில் ஒட்டிய லேபிளை அப்படியே விடுங்கள். எந்தக் கடை, எந்த வருஷம், என்ன விலை என்று அந்தப் பக்கம்தான் சொல்லும். பிய்த்தெடுத்தால் கையில் மிஞ்சுவது வெறும் படம். தண்ணீரில் ஊறவைப்பதும் ஆபத்து. செலோடேப், பெவிகால், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். கிழிசலைத் தாள் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

6. கடற்காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

நம்மூர் ஈரப்பதம் தாளுக்குப் பகை. அமிலமற்ற தாளில் வைத்து, பாலியஸ்டர் உறையில் போடுங்கள், பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி கூடாது. மழைக்காலம் முடிந்ததும் வெயில் படாத காற்றில் ஒவ்வொன்றாக எடுத்துப் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் உண்டா என்று பாருங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலை மாட்டுங்கள்.

7. அன்றைக்கே எழுதிவையுங்கள்

ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு எண், முன்பின் இரு படம், அளவு, அச்சிட்ட எழுத்துகள், கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி. எண்ணை உறைமேல் எழுதுங்கள், லேபிள்மேல் வேண்டாம்.

8. சட்டத்தையும் அறிந்திருங்கள்

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர் புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பே சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. உங்கள் தொகுப்பும் அப்படி ஊருக்குப் பயன்பட வேண்டுமென்றால் லேபிளோடு அதன் கதையும் பிழைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் லேபிள் வாங்கும் நாளிலேயே ஒரு பதிவு நோட்டும் வாங்கிவிடுங்கள்.