கூரை மரங்களைச் சோதிக்கும் முறை

நம் கிராமங்களில் ஓட்டு வீட்டைப் பார்வையிடுவோர் பெரும்பாலும் உடைந்த ஓடுகளை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஓடு உடைந்தால் வீடு ஒழுகும். உத்தரம் முறிந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஓட்டைத் தாங்கும் மரங்களின் நிலையை அறியும் முறையை இங்குக் காண்போம்.

ஓட்டின் பாரம் முதலில் ரீப்பரிலும், பின்னர்க் கைமரத்திலும், அதன்பின் உத்தரத்திலும் இறங்கி, முடிவில் சுவரைச் சேருகிறது. உத்தரத்தின் நடுப்பாகம் நம் கண்ணுக்குத் தெரியும். சுவரினுள் புதைந்த முனைகள் தெரியா. சுவர் உறிஞ்சிய மழைநீர் அம்முனைகளில் தங்கும். காற்றுப் படாமையால் எளிதில் உலராது. ஈரம் 20 சதவீதத்திற்குக் குறைவாக உள்ள மரம் பூஞ்சணத்தால் இற்றுப்போவதில்லை. எனவே, ஓயாது நனையும் முனையே முதலில் கெடுகிறது. சோதனையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சிறு சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உள்ளே கெட்ட மரம் மந்தமாக ஒலிக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் குத்தூசி எளிதில் இறங்கினால் அம்முனை கெட்டுவிட்டது என்று அறியலாம். சுவர்மீது மண்கோடு ஏறியிருப்பின் அது கரையானின் வழி. தரையில் மரமாவு உதிர்ந்திருப்பின் அது வண்டின் வேலை. வண்டுகள் பெரும்பாலும் வெளிற்றையே அரிக்கும். ஆதலால், துளைகளைக் கண்டவுடன் மரத்தைக் கழித்துவிடாமல், வைரம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்த்தல் நலம்.

நாரின் போக்கில் நீளவாக்காக ஓடும் வெடிப்பு, மரம் உலர்ந்ததால் பெரும்பாலும் உண்டாவது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. உத்தரத்தின் நடுவில், அடிப்புறத்தில், நாரைக் குறுக்கே முறித்துச் செல்லும் விரிசலே அபாயமானது. அதைக் கண்டால் அதன்கீழ் எவரும் படுத்துறங்கலாகாது. தச்சரை உடனே அழைத்து முட்டுக்கால் கொடுக்க வேண்டும். உத்தரம் தொய்ந்திருந்தால், நூல் பிடித்துத் தொய்வை அளந்து குறித்து வைக்கலாம். சில மாதங்களுக்குப்பின் அளக்கும்போது தொய்வு கூடியிருந்தால் பாரத்தைத் தாங்கும் வலிமை குறைந்து வருகிறது என்பது பொருள்.

பழுது பார்ப்பதிலும் முறை உண்டு. முதலில் ஒழுக்கை அடைக்க வேண்டும். பிறகே மரத்தை மாற்ற வேண்டும். நனையும் காரணம் நீங்காமல் புது உத்தரம் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். புது முனையைக் கற்பலகைமீது அமர்த்தி, சுற்றிலும் காற்றுப் புக இடம் விடுதல் அவசியம். கெட்ட இடத்தின்மீது சாந்து பூசுவதும் வண்ணம் அடிப்பதும் நோயை மறைக்குமேயன்றித் தீர்க்கா.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு பகற்பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்குவோமாக. கோடையில் கண்டறிந்த குறையைச் சிறு செலவில் தீர்க்கலாம். அடைமழையில் சரியும் கூரையை எவராலும் தாங்கிப் பிடிக்க இயலாது.